எலெக்ட்ரிக் கிட்டார் கம்பிகள்: வாங்கும்போதும் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பியை எந்தப் பக்கம் சுற்றுவது, எத்தனை சுற்று விடுவது, துருப்பிடித்ததை எப்போது கழற்றுவது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் இரண்டு முறை மாட்டினால் தானாக வந்துவிடும். நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய கட்டம். பத்து விதமான செட் கண்முன் தொங்கும்போது எதை எடுப்பது, எடுத்ததை மாட்டிய பிறகு கிட்டாரை என்ன செய்வது என்ற இடம். செட்டப்புக்காக என்னிடம் கிட்டாரைக் கொண்டுவரும் புதியவர்களில் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நானும் அதே வழியில் சறுக்கி வந்தவன்தான் என்பதால் பெரும்பாலான தவறுகளைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவேன். ஒன்றை மட்டும் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் எண்ணை மட்டும் பார்ப்பது

"பத்து போட்டிருக்கேன்" என்று சொல்வார்கள். பத்து என்பது முதல் கம்பியின் தடிமன் மட்டுமே: 0.010 அங்குலம், கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர். மீதி ஐந்து கம்பிகளைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. வழக்கமான பத்து செட்டில் 10, 13, 17, 26, 36, 46 என்று இருக்கும். இன்னொரு பத்து செட்டில் மெல்லிய மூன்றும் அதேதான், ஆனால் தடித்த மூன்றும் 30, 42, 52 என்று போகும். பெண்டிங்கில், அதாவது கம்பியை விரலால் தள்ளிச் சுருதியை ஏற்றும்போது, கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தடித்த கம்பிகளில் பவர் கார்டு பிடிக்கும்போதுதான் இது வேறு கம்பி என்று விரல் சொல்லும்.

மூன்றாவது கம்பியையும் பாருங்கள். 11, 12 செட்டுகள் சிலவற்றில் ஜி கம்பி ப்ளெய்னாக (வெறும் ஒற்றை இழையாக) இல்லாமல், மேலே இன்னொரு கம்பி சுற்றிய சுற்றுக்கம்பியாக வரும். ஜாஸ் கார்டு வாசிப்பவர்களுக்கு அது நல்லது, சுருதி சுத்தமாக நிற்கும். ப்ளூஸ் பெண்டிங் பழகுகிறவர் தெரியாமல் அதை வாங்கினால், எவ்வளவு தள்ளினாலும் சுருதி ஏறாமல், தன் விரலில்தான் பலமில்லை என்று நினைத்துக்கொள்வார்.

பிடித்த கலைஞர் போட்ட செட்டையே போடுவது

ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் 13 போட்டு வாசித்தார் என்பதை எல்லோரும் படித்திருக்கிறார்கள். அவர் கிட்டாரை ஹாஃப் ஸ்டெப் (அரைச் சுரம்) இறக்கி ட்யூன் செய்தார் என்ற பாதி மட்டும் எப்படியோ நழுவிவிடுகிறது. கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். ஹாஃப் ஸ்டெப் இறக்கினால் இழுப்பு சுமார் 11 சதவீதம் குறையும்; ஒரு முழு ஸ்டெப் இறக்கினால் 20 சதவீதத்துக்கும் சற்று மேல். அவருடைய 13, சாதாரண ட்யூனிங்கில் 12-ஐவிடக் கொஞ்சம்தான் கனம். அதுவும் லேசில்லை, ஆனால் புதியவர் 13-ஐ இறக்காமல் மாட்டி விரல் நுனியைக் கிழித்துக்கொள்வது வேறு கதை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் உபயோகமான ஒன்று கிடைக்கும். 10 செட்டை ஒரு முழு ஸ்டெப் இறக்கினால், முதல் கம்பி சாதாரண ட்யூனிங்கில் இருக்கும் 9-ஐப் போலவே கைக்குப் பதில் சொல்லும். எந்த ட்யூனிங்கில் வாசிக்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் எந்த செட் என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது.

மறுமுனையில் ZZ டாப் இசைக்குழுவின் பில்லி கிப்பன்ஸ் இருக்கிறார். 7-இல் தொடங்கும் செட். அவர் டோன் மெலிந்து கேட்கிறது என்று சொன்ன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தடித்த கம்பிதான் தடித்த டோன் என்று நம்புவது

பாதி உண்மை. தடித்த கம்பியில், அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பிக்கப்பின் காந்தப்புலத்துக்குள் அசையும் உலோகம் அதிகம், அதனால் சிக்னல் கொஞ்சம் பலமாக வரும். ஓங்கி அடித்தாலும் சுருதி பிசகாது. ஆனால் பிக்கப்பின் உயரம், பிக்கின் தடிமன், ஆம்ப்பின் நாப்கள் எல்லாம் செய்யும் மாற்றத்தோடு ஒப்பிட்டால் இது சின்னது. முதலில் ஸ்க்ரூட்ரைவரை எடுத்து பிக்கப்பைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிக் கேளுங்கள். காசு செலவில்லை.

ஸ்கேல் நீளத்தை மறப்பது

ஸ்கேல் என்பது கம்பியின் அதிரும் பகுதியின் நீளம். ஒரே செட் இரண்டு கிட்டார்களில் ஒரே மாதிரி இருக்காது. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஸ்கேல் 25.5 அங்குலம், கிப்சன் லெஸ் பாலுடையது 24.75 என்று சொல்லப்படுவது. குட்டையான ஸ்கேலில் அதே கம்பி அதே சுருதிக்கு வர சுமார் 6 சதவீதம் குறைந்த இழுப்பு போதும். ஸ்ட்ராட்டில் 9 போடுகிற பலர் லெஸ் பாலில் 10 போடுவதற்குக் காரணம் இதுதான், பந்தா இல்லை.

செட்டை மாற்றிவிட்டுக் கிட்டாரை அப்படியே விடுவது

சரி, எரிச்சலுக்கு வருவோம்.

எந்த கிட்டாரும் ஒரு குறிப்பிட்ட இழுப்புக்குத்தான் சரிசெய்யப்பட்டிருக்கும். புதிதாக வரும்போது பெரும்பாலும் 9 அல்லது 10. ஸ்ட்ராட் ஸ்கேலில் 9-42 செட்டின் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 38 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். 10-46 ஏறக்குறைய 47 கிலோ. 11-க்குப் போனால் ஐம்பதைத் தாண்டும். பாக்கெட்டில் ஒரே ஒரு எண் ஏறியிருக்கிறது. கிட்டாரின் கழுத்தான நெக்கின் மேல் எட்டு கிலோவுக்கு மேல் கூடிவிட்டது. இந்த இழுப்புக்கு எதிராக நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு நிற்கிறது. ட்ரெமொலோ பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கி அசைந்துகொடுக்கும் பகுதி) இருந்தால் பின்பக்கக் குழியில் ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. மிதக்கும் பிரிட்ஜ் ஒரு தராசு. ஒரு தட்டில் மட்டும் எடை கூட்டினால் என்ன ஆகும்?

ஒரு கல்லூரிப் பையன் கிட்டாரோடு வந்தான். "அண்ணா, இந்த கிட்டாரே சரியில்ல, வித்துடலாம்னு இருக்கேன்." மேசையில் படுக்க வைத்துப் பார்த்தேன். பிரிட்ஜின் பின்முனை சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (நெக்கின் மேல் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பி எட்டாத உயரத்தில். ஜி கம்பியைப் பெண்ட் செய்தால் நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைப் பள்ளங்களில் தாங்கும் நட்டிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம், விட்டால் சுருதி திரும்பி வரவில்லை. 9-க்கு வந்த கிட்டாரில் 12 செட் மாட்டியிருந்தான். அப்புறம் கனமாக இருக்கிறது, ட்யூன் நிற்கவில்லை என்று ஒரு ரிப்பேர் இடத்தில் கொடுத்திருக்கிறான். அவர்கள் ட்ரஸ் ராடை இறுக்கியிருந்தார்கள், நட்டின் பள்ளங்களை அராவி அகலப்படுத்தியிருந்தார்கள். கிட்டாரைத் திருப்பினேன். ஸ்பிரிங் குழியை மூடும் பிளாஸ்டிக் தகட்டின் மேல், புதிதாக வாங்கியபோது ஒட்டியிருந்த மெல்லிய தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. அதாவது பிரிட்ஜ் தூக்கியிருக்கும் கிட்டாரில் ஸ்பிரிங் பக்கம் ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பையனுக்கு 12 வேண்டவும் வேண்டாம். விரல் வலி தாங்கவில்லை, 9-க்கே திரும்புகிறேன் என்றான். பிரிட்ஜும் நெக்கும் அன்று மாலையே சரியாகிவிட்டன. நட் சரியாகவில்லை. 12-க்காக அகலப்படுத்திய பள்ளத்தில் 9 போட்டால் கம்பி பக்கவாட்டில் ஆடும், திறந்த கம்பியை மீட்டினால் ரீங்காரம் அடிக்கும். சூப்பர் க்ளூவும் பேக்கிங் சோடாவும் கலந்து பள்ளத்தை நிரப்பும் ஒரு வித்தை உண்டு, தற்காலிகம்தான். கடைசியில் நட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. எனக்கு எரிச்சல் இங்கேதான். மற்ற எல்லாவற்றையும் ஸ்க்ரூவைத் திருப்பி முன்போல் ஆக்கிவிடலாம். அராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள்.

வரிசை இதுதான். புது செட்டை மாட்டி ட்யூன் செய்யுங்கள். பிரிட்ஜ் தூக்கியிருந்தால் கம்பிகளைத் தளர்த்தி, பின்பக்கக் குழியில் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களையும் அரைச் சுற்று இறுக்குங்கள். மறுபடி ட்யூன். மறுபடி பாருங்கள். பிரிட்ஜ் பழைய நிலைக்கு வரும்வரை இதே வேலைதான், பொறுமை வேண்டும். ஸ்க்ரூ முழுதும் உள்ளே போயும் பிரிட்ஜ் இறங்கவில்லை என்றால் இன்னொரு ஸ்பிரிங் சேர்க்க வேண்டும்.

அடுத்தது நெக். ஒரு நாள் இழுப்பில் இருக்க விடுங்கள். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே பாருங்கள். 0.2 முதல் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதைவிட அதிகமென்றால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பாதீர்கள். முரண்டு பிடித்தால் விட்டுவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அதற்குப் பிறகுதான், பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சாடிலின் உயரம். அதற்கும் பிறகு இன்டோனேஷன், அதாவது நெக் முழுதும் சுருதி சரியாக நிற்கிறதா என்பது: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் தொட்டு மட்டும் எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால், நெக்கைவிட்டு விலகும் பக்கமாகத் தள்ள வேண்டும்.

நட் கடைசி. 'டிங்' கேட்டால் முதலில் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். 9-லிருந்து 10-க்குப் போகும்போது பெரும்பாலும் அதுவே போதும். இன்னும் மேலே போகிறீர்கள், சிக்கல் தீரவில்லை என்றால் அராவத்தான் வேண்டும். ஆனால் இனி இந்த கேஜ் (கம்பித் தடிமன்) தான் என்று மனம் நிலைத்த பிறகு அரத்தைக் கையில் எடுங்கள்.

இறங்கும்போதும் இதே கதை தலைகீழாக நடக்கும். 10-லிருந்து 9-க்கு வந்தால் பிரிட்ஜ் அமுங்கும், நெக் பின்பக்கம் நிமிரும், கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். "மெல்லிய கம்பி என்றாலே இரைச்சல்" என்ற பேச்சு இப்படித்தான் பரவுகிறது. பிரிட்ஜ் அசையாத கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பிரிங் வேலை மிச்சம், மற்றவை அப்படியேதான்.

நிக்கல் என்று போட்டிருந்தால் நிக்கல் என்று நம்புவது

பாக்கெட்டில் நிக்கல் என்று பெரிதாக எழுதியிருக்கும் பல செட்டுகளில் சுற்றியிருப்பது எஃகுக் கம்பி. நிக்கல் அதன் மேல் பூசிய மெல்லிய மேற்பூச்சு மட்டும். அதில் தவறு ஒன்றுமில்லை, இன்று பெரும்பாலானோர் வாசிப்பது அதைத்தான். ஆனால் பழைய காலத்து மென்மையான டோனைத் தேடி அதை வாங்கினால் ஏமாற்றம்தான். அதற்குச் சுத்த நிக்கல் என்று தனியாகக் குறிப்பிட்ட செட்டை எடுக்க வேண்டும். கூர்மை குறைவாக, சத்தமும் ஒரு சுற்று அடங்கி வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நேர் எதிர்: பளிச்சென்ற சத்தம், வியர்வைக்கு அசையாது, விரல் நகரும்போது கீச்சிடும், ஃப்ரெட்டையும் கொஞ்சம் வேகமாகத் தேய்க்கும்.

அக்கூஸ்டிக் செட்டை மாட்டுவது

வெண்கலச் சுற்றைப் பிக்கப்பின் காந்தம் கண்டுகொள்ளாது. வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது

கேஜ், உலோகம், பிராண்ட் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று கடைசிவரை தெரியாது.

கோட்டிங் கம்பியை வாங்கிவிட்டு வாரம் ஒருமுறை மாற்றுவது

நீண்ட நாள் உழைக்கத்தானே மேலே பூச்சுப் போட்டு வருகிறது. பிறகு ஏன்?

அடிக்கடி அறுகிறது என்று தடித்த செட்டுக்குப் போவது

அறுந்த கம்பியைத் தூக்கி எறிவதற்கு முன் எந்த இடத்தில் அறுந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் சாடில் அருகே என்றால் சாடிலில் பிசிர் இருக்கிறது. நகத்தால் தடவினாலே தட்டுப்படும். மிக மென்மையான உப்புத்தாளை மடித்து, கம்பி போகும் திசையில் நாலு இழுப்பு இழுத்தால் முடிந்தது. ட்யூனர் தண்டில் அறுந்தால் அங்கே துளையின் விளிம்பு வெட்டுகிறது, அல்லது கம்பியை மடிக்கும்போதே முறித்திருக்கிறீர்கள். பிக் படும் இடத்தில், நடுவில் அறுந்தால் கம்பி ஆயுள் முடிந்த பழையது. எப்போதும் முதல் கம்பிதான் போகிறது என்றால் அந்த ஒற்றைக் கம்பியை மட்டும் தனியாக நாலைந்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், முழு செட்டைப் பிரிக்க வேண்டியதில்லை.