ஜெர்மனியில் வீட்டுக்கு நெட்: டிஎஸ்எல்லா, கேபிளா?

நியூரம்பெர்க்கில் எங்கள் அலுவலகத்துக்குச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புதிதாக வருகிறவர்கள், வீட்டுச் சாவி கைக்கு வந்த மறுநாளே என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணா, எந்த கம்பெனி நெட் போடலாம்?" பதிலுக்கு நான் இரண்டு விஷயம் கேட்பேன். வீட்டுச் சுவரில் என்னென்ன சாக்கெட் இருக்கிறது? நீங்கள் நெட்டை நம்பி உட்காரும் நேரம் எது? கம்பெனி பெயரும் விலையும் அதற்கு அப்புறம்தான்.

கட்டடத்துக்கு ஃபைபர் வந்திருந்தால் யோசிக்க வேண்டாம், அதையே எடுங்கள். இங்கே பெரும்பாலான வாடகை வீடுகளில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. டெலிஃபோன் செம்புக் கம்பியில் வரும் டிஎஸ்எல், அல்லது டிவி கேபிளில் வரும் இணைப்பு, இரண்டில் ஒன்றுதான்.

சுவரைப் பாருங்கள். சின்னச் சதுரப் பெட்டியில் பக்கத்துக்குப் பக்கம் மூன்று துளை, நடுவில் இருப்பதற்கு 'எஃப்' என்று எழுத்து இருந்தால் அது டேஆஏ, டெலிஃபோன் சாக்கெட். டிஎஸ்எல் ரவுட்டர் அந்த நடுத் துளையில்தான் செருகப்படும். வட்டமான டிவி சாக்கெட்டில் டிவி, ரேடியோ தவிர மூன்றாவதாக திருகு வைத்த ஒரு துளை இருந்தால் கேபிள் இணைப்பு தயார். இரண்டே துளைதான் என்றால் ஆள் வந்து சாக்கெட்டை மாற்றித் தர வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். டெலிகாம், 1உண்ட்1, ஓ2 என்று எந்தப் பெயரில் டிஎஸ்எல் வாங்கினாலும் தெருவிலிருந்து வீட்டுக்கு வருவது பெரும்பாலும் டெலிகாமின் அதே கம்பிதான். கம்பி சரியில்லை என்றால் கம்பெனி மாற்றி ஒன்றும் ஆகாது. கேபிளில் இந்தப் பகுதியில் பெரிய ஆள் வோடஃபோன். அதே கேபிளை ஓ2 தன் பெயரிலும் விற்கிறது.

டிஎஸ்எல்லின் தலையெழுத்து தூரத்தில் இருக்கிறது. தெரு ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி நிற்கும். அதுவரை ஃபைபர், அங்கிருந்து உங்கள் வீடு வரை செம்பு. அந்தச் செம்பு நீள நீள வேகம் குறையும். நொடிக்கு 250 மெகாபிட், அதாவது 250 எம்பி திட்டமெல்லாம் பெட்டி சில நூறு மீட்டருக்குள் இருந்தால்தான் உருப்படியாக ஓடும். கம்பெனியின் இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பார்க்கும்போது 16 எம்பிக்கு மேல் காட்டவில்லையா? அந்த வீட்டில் டிஎஸ்எல்லை மறந்துவிட்டு கேபிளுக்குப் போங்கள். 100 காட்டினால் பேச்சு வேறு.

கேபிளில் தூரம் பிரச்சினை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் பிரச்சினை. ஒரே கேபிளை அக்கம்பக்கத்து வீடுகள் பல பங்கு போட்டுக்கொள்கின்றன. அபார்ட்மென்ட் மொட்டை மாடித் தொட்டி மாதிரி: காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் யாருக்கு எவ்வளவு வரும்? இங்கே அந்தக் 'காலை' என்பது இரவு எட்டு மணி முதல் பதினோரு மணி வரை. விளம்பரத்தில் 1000 எம்பி, பகலில் சோதித்தாலும் பிரமாதமாக வரும், ஞாயிறு இரவு ஒன்பதுக்கு வீடியோ கால் தேங்கி நிற்கும். எல்லாத் தெருவிலும் இப்படி இல்லை. அதனால் நான் சொல்வது, படிக்கட்டில் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "ஞாயிறு இரவு உங்கள் கேபிள் நெட் எப்படி?" எந்த ஒப்பீட்டு இணையதளமும் சொல்லாத பதில் அங்கே கிடைக்கும்.

இங்கேதான் நம் ஆட்களின் கடிகாரம் வருகிறது. இந்தியா கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் முன்னால் இருக்கிறது. பெங்களூர் டீமோடு வேலை செய்கிறவருக்குக் காலையும் மதியமும்தான் முக்கியம். அம்மாவோடு பேசுவதும் இங்கே மாலை ஐந்து மணிக்கு முன்னே முடிந்துவிடும், அங்கே அப்போதே இரவாகிவிடுகிறதே. கேபிள் நெரிசல் ஆரம்பிப்பதற்குள் உங்கள் வேலை முடிந்தது. பயப்படாமல் கேபிள் எடுக்கலாம். அமெரிக்காவோடு வேலை என்றால் கதை தலைகீழ். கலிஃபோர்னியாவில் காலை ஒன்பது என்றால் இங்கே மாலை ஆறு. மீட்டிங்கெல்லாம் சரியாக நெரிசல் நேரத்தில் விழும். அவர்களுக்கு நான் 100 எம்பி டிஎஸ்எல்லைத்தான் சொல்வேன். இரவிலும் அதே வேகம் நிற்கும்.

டவுன்லோடு எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், அப்லோடைப் பாருங்கள். கேபிளில் 1000 எம்பி திட்டத்துக்கே அப்லோடு வழக்கமாக 50 தான். 100 எம்பி டிஎஸ்எல்லில் 40. உங்கள் முகம் எதிர்முனையில் தெளிவாகத் தெரிவதற்கு வேண்டியது அந்தச் சின்ன எண். கணவன் மனைவி இருவரும் வீட்டிலிருந்து வேலை செய்தால் பத்து எம்பி அப்லோடு உள்ள மலிவுத் திட்டத்தில் சண்டைதான் வரும். வாங்கும் முன் 'ப்ரொடக்ட் இன்ஃபர்மேஷன்ஸ்ப்ளாட்' என்ற ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள், கொடுத்தே ஆக வேண்டும். அதிகபட்சம், வழக்கமாகக் கிடைப்பது, குறைந்தபட்சம் என்று மூன்று எண் அதில் இருக்கும். நான் படிப்பது மூன்றாவதை மட்டும்.

ஒப்பந்தம் வழக்கமாக 24 மாதம். முதல் சில மாதம் மலிவு, அப்புறம் விலை ஏறும். எனவே 24 மாதத்துக்கும் மொத்தம் கூட்டி வகுத்துப் பாருங்கள். ஒரு வருடம் மட்டும் இருக்கப்போகும் மாணவர்களே, 12 மாத ஒப்பந்தமும் ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, முதல் பக்கத்தில் காட்ட மாட்டார்கள், தேடிக் கேளுங்கள். முதல் காலம் முடிந்துவிட்டால் ஒரு மாத நோட்டீஸில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், 2021 டிசம்பரிலிருந்து அப்படித்தான். வீடு மாறும்போது புது முகவரியில் அதே சேவையை அவர்களால் தர முடியாவிட்டாலும் ஒரு மாத நோட்டீஸ் போதும். வாசலில் வந்து கையெழுத்து வாங்கப் பார்க்கிறவரிடம் கதவைச் சாத்துங்கள். கையெழுத்துப் போட்டே விட்டீர்களா? 14 நாளுக்குள் எழுதி ரத்து செய்யலாம்.

இனி விண்ணப்பப் படிவம். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். ஜெர்மனியில் கட்டடத்துக்கு எண் உண்டு, உள்ளே இருக்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. 'ஃப்ளாட் 12' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'மூன்றாவது மாடி, இடது பக்கம்' என்று எழுத வேண்டும். பின்கட்டில் இருக்கும் வீடு என்றால் 'ஹின்டர்ஹவுஸ்' என்றும் சேர்க்க வேண்டும். உங்களுக்கு முன் குடியிருந்தவரின் பெயரையும் கேட்டு வையுங்கள். அவருடைய பழைய லைன் எது என்று கண்டுபிடிக்க அது உதவும்.

அடுத்தது காலிங் பெல். டெக்னீஷியன் வாசலில் தேடுவது ஒப்பந்தத்தில் இருக்கும் குடும்பப் பெயரை. நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கும், பெல்லில் நாம் ஒட்டியிருப்பது நம் பெயர் அல்லது மனைவி பெயர். நண்பர் ஒருவர் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை லீவு போட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். டெக்னீஷியன் வந்திருக்கிறார், பெல்லில் அந்தப் பெயர் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறார், 'வீட்டில் ஆள் இல்லை' என்று எஸ்எம்எஸ் வந்தது. அடுத்த தேதி மூன்று வாரம் தள்ளி. ஒப்பந்தத்தில் என்ன பெயரோ அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பெல்லில் ஒட்டிவிடுங்கள். டிஎஸ்எல் என்றால் கெல்லரில், அதாவது கட்டடத்தின் நிலவறையில், டெலிஃபோன் பெட்டி இருக்கும். அதன் சாவி ஹவுஸ்மைஸ்டரிடம், அதாவது கட்டடப் பராமரிப்பாளரிடம், இருந்தால் முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

இணைப்பு வந்தபின் வேகம் குறைவாகத் தெரிந்தால் கம்பெனிக்குச் சும்மா ஃபோன் போட்டுப் புலம்புவதில் பயனில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்கு ஆணையமான பூன்டஸ்நெட்ஸாகென்டூரின் 'ப்ரைட்பான்ட்மெஸ்ஸுங்' செயலியை லேப்டாப்பில் போட்டு, வைஃபை இல்லாமல் லேன் கேபிளில் அளக்க வேண்டும். மூன்று நாட்களில் மொத்தம் 30 முறை. அந்த அறிக்கையோடு போனால் கட்டணத்தைக் குறைக்கவோ ஒப்பந்தத்தை முறிக்கவோ உங்களுக்கு உரிமை உண்டு. லைன் முழுக்கப் படுத்துவிட்டால் புகார் கொடுத்த மூன்றாவது நாளிலிருந்து நஷ்டஈடும் உண்டு. அதனால் புகார் கொடுத்த தேதிக்கு ஒரு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டரை மாத வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, 2016 முதல் நம் சொந்த ரவுட்டரைப் போட்டுக்கொள்ளலாம். பழையது வாங்குவதாக இருந்தால் மாடலைப் பாருங்கள்: ஃப்ரிட்ஸ்பாக்ஸ் என்ற ரவுட்டரில் 7530, 7590 டிஎஸ்எல்லுக்கு, 6660, 6690 கேபிளுக்கு. ஒன்று இன்னொன்றில் வேலை செய்யாது. கேபிள் ரவுட்டரில் மட்டும் இன்னொரு ஜாக்கிரதை வேண்டும். கம்பெனி வாடகைக்குக் கொடுத்த பெட்டியைச் சிலர் தங்களுடையது போல விற்கிறார்கள், அது உங்கள் பெயரில் ஆக்டிவேட் ஆகாது. கடை பில் இல்லாமல் அதை வாங்காதீர்கள்.