திருநெல்வேலியில இருந்து நெடுந்தீவுக்கு: போக, சுத்த, திரும்ப

யாழ்ப்பாணம் போறவங்க நல்லூர் கோயில், கோட்டை, நயினாதீவுன்னு பாத்துட்டு அப்படியே கிளம்பிருதாங்க, அங்கன கடலுக்குள்ள இருக்க நெடுந்தீவு (டெல்ஃப்ட் தீவு) பக்கம் எட்டிக்கூட பாக்கிறதில்ல. எனக்கு அதுல ரொம்ப வருத்தம். அதான் நெல்லை, தூத்துக்குடி பக்கம் இருந்து போக நினைக்கவங்களுக்கு உபயோகமா இருக்கட்டும்னு எழுதுதேன்.

மேப்ல பாத்தா ராமேஸ்வரத்துக்கு கிட்டக்க இருக்கேன்னு அங்கன போட் புடிச்சு போயிரலாமான்னு நெறைய பேரு கேக்காங்க. முடியாது. நடுவுல சர்வதேச எல்லை ஓடுது, தாண்டினா கைதுதான். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா கதை வேற, பாஸ்போர்ட் இல்லாம பேர் பதிஞ்சு போயிட்டு வருவாங்க, ஆனா அங்க இருந்து நெடுந்தீவுக்கு போக விடமாட்டாங்க. அதனால முறையா பாஸ்போர்ட்டு, ஈடிஏ விசா (கிளம்புறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல, இலங்கை அரசாங்கத்தோட சைட்லயே போடுங்க), யாழ்ப்பாணம் வழியா, இதுதான் ரூட்டு.

யாழ்ப்பாணத்துக்கு ரெண்டு வழி. ஒண்ணு பிளைட்டு, சென்னையில இருந்து பலாலிக்கு (யாழ்ப்பாணம் ஏர்போர்ட்டு) இருக்கு, திருச்சியில இருந்தும் 2025 மார்ச்ல ஆரம்பிச்சாங்க, நமக்கு திருச்சிதான் தோது, நெல்லை ஜங்ஷன்ல ரயில் ஏறினா நேரா போயிரலாம். இன்னொண்ணு நாகப்பட்டினம் டூ காங்கேசன்துறை கப்பல், 2023 அக்டோபர்ல தொடங்கி கொஞ்ச நாள்லயே நின்னு, 2024 ஆகஸ்ட்ல திரும்ப விட்டாங்க, கடல்ல சுமாரா நாலு மணி நேரம். வடகிழக்கு மழை நேரத்துல கப்பலை நிறுத்திருவாங்க, அதனால ஐப்பசி, கார்த்திகையில கப்பலை நம்பி லீவு போடாதீங்க. பிளைட்டோ கப்பலோ, புக் பண்ணுற அன்னைக்கு ஷெட்யூலை ஒரு தடவை பாத்துக்கிடுங்க.

என்னையக் கேட்டா ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும்தான் நல்ல நேரம். மழை முடிஞ்சு புல்லு பச்சையா நிக்கும், தீவுல திரியுத காட்டுக்குதிரைங்களுக்கு தண்ணி கிடக்கும், கடலும் கொஞ்சம் அடங்கியிருக்கும். மே மாசத்துக்கு அப்புறம் கச்சான் காத்து (தென்மேற்குப் பருவக்காத்து) அடிக்க ஆரம்பிச்சா படகு ஆடுத ஆட்டத்துல வாந்தி வராதவங்களுக்கும் வரும்.

யாழ்ப்பாணம் டவுன்ல இருந்து குறிகட்டுவான் துறைக்கு போகணும். பஸ் இருக்கு, பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவுன்னு ரெண்டு பக்கமும் கடலு நடுவுல ரோடு. காலையில எவ்வளவு வெள்ளன முடியுமோ அவ்வளவு வெள்ளன கிளம்புங்க. துறையில கவனிக்க வேண்டியது ஒண்ணு: நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கு போற படகும் அங்க இருந்துதான் கிளம்புது, கூட்டம் முக்காவாசி அதுக்குத்தான், கூட்டத்தோட கூட்டமா அதுல ஏறிராதீங்க, "நெடுந்தீவுப் படகு எதுங்க ஐயா"ன்னு கேட்டுட்டு ஏறுங்க. நெடுந்தீவுக்கு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். லைப் ஜாக்கெட் குடுத்தா போடுங்க. ஏறின உடனே படகுக்காரங்ககிட்ட திரும்பி வர்ற கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு கேட்டு போன்ல குறிச்சு வச்சுக்கிடுங்க, மத்த பிளான் எல்லாம் அந்த நேரத்துக்குள்ளதான்.

இறங்கின துறையிலயே ஆட்டோ நிக்கும். நடந்து பாக்குத தீவு இல்ல, சுமாரா 50 சதுர கிலோமீட்டர், வெயில் மண்டையப் பொளக்கும். ரேட்டையும் எந்தெந்த இடம்னும் ஏறுறதுக்கு முன்னாடியே பேசிருங்க, மத்தியானச் சாப்பாட்டுக்கும் அப்பவே சொல்லச் சொல்லுங்க, ஏன்னா கடையில முன்கூட்டி சொன்னாத்தான் மீன் வாங்கி சமைப்பாங்க. தண்ணி ஆளுக்கு ரெண்டு பாட்டிலாவது கையில வேணும், அங்க நல்ல தண்ணிக்கு ஊர்க்காரங்களே கஷ்டப்படுதாங்க. இலங்கைக் காசு சில்லறையா வச்சுக்கிடுங்க.

டச்சுக் கோட்டைன்னு சொல்லுத பவளக்கல் கட்டடம், அது பக்கத்துல புறாக்கூண்டு, உள்ள ஆளு போற அளவுக்கு பொந்து விழுந்த பெருக்க மரம் (பாவோபாப்), இதெல்லாம் ஆட்டோக்காரங்க தானாவே காட்டிருவாங்க. நீங்க கேட்டு வாங்க வேண்டியது தெக்கால இருக்க வெட்டவெளி. கட்டைக்குதிரைங்க அங்கதான் கூட்டமா மேயும், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரங்க காலத்துல கொண்டு வந்து வளர்த்ததோட வாரிசுங்க. தூரத்துல நின்னு பாருங்க. வெரட்டி வீடியோ எடுக்கது, பிஸ்கட் போடுதது எல்லாம் வேண்டாம்யா, கோடையில தண்ணி இல்லாம சாவுத ஜீவனுங்க அதுங்க.

வேலி எல்லாம் பவளக்கல்லுதான், சாந்தே இல்லாம ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருப்பாங்க, பின்னால பனை வரிசை, உடன்குடி தேரிக்காட்டுல நிக்க மாதிரியே இருக்கும். அந்தக் கல்லுல ஒண்ணைக் கூட பையில போட்டுக் கொண்டாராதீங்க.

பேச்சு விஷயம். அங்க சின்னப் பையனைக் கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவாங்க, நம்மூர் பாசத்துல ஏலே, வேன்னு ஆரம்பிச்சா மரியாதையா எடுத்துக்கிட மாட்டாங்க. பெரியவங்களை ஐயா, அம்மான்னும் நம்ம வயசுக்காரங்களை அண்ணை, அக்கான்னும் கூப்பிடுங்க. போரைப் பத்தி நீங்களா தோண்டாதீங்க. 1985 மே 15ல குமுதினிங்கிற படகுல இதே கடல்ல போன ஜனங்களை வெட்டிக் கொன்னாங்க, இன்னைக்கும் வருஷா வருஷம் அந்த நாள்ல அஞ்சலி செலுத்துதாங்க. நீங்க ஏறுத படகுல உக்காந்திருக்க பாட்டிக்கு அதுல யாரு போனாங்களோ, நமக்குத் தெரியாது. அதே மாதிரி நம்ம பக்கத்து இழுவைப் படகு வந்து வலையை அறுத்துட்டுப் போகுதுன்னு மீன்காரங்க சொன்னா வாதத்துக்கு நிக்காதீங்க, கேட்டுக்கிடுங்க. இழுவைமடியால நாட்டுப்படகுக்காரன் படுத பாடு நம்ம உவரிக்காரங்களுக்கும் கூத்தங்குழிக்காரங்களுக்கும் தெரியாததா.

முடிஞ்சா ஒரு ராத்திரி தங்குங்க. தங்குறதுக்கு சின்னச் சின்ன இடம் உண்டு, யாழ்ப்பாணத்துல இருந்தே போன்ல பேசி உறுதி பண்ணிட்டு போங்க. பகல் படகுல வந்தவங்க எல்லாம் திரும்பின பிறகு சாயங்காலம் குதிரை பாக்கதும், காலையில துறையில மீன் இறக்கது பாக்கதும்தான் எனக்கு அந்தத் தீவுலயே ரொம்பப் புடிச்சது. ரெண்டு சாரம், டார்ச்சு, கொசுவத்தி, வழக்கமா போடுத மாத்திரை, வாந்தி மாத்திரை இவ்வளவு போதும்.

காத்து அடிச்சா படகு ஓடாது, யாரைக் கெஞ்சியும் பிரயோஜனம் இல்ல. அதனால நெடுந்தீவுல இருந்து வர்ற நாளைக்கும் ஊருக்கு பிளைட்டோ கப்பலோ ஏறுத நாளைக்கும் நடுவுல ஒரு நாளை கண்டிப்பா சும்மா விட்டு டிக்கெட் போடுங்க.