குச்சியில் ஆயில் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள்: தாவர எண்ணெயில் இன்ஜின் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், வாய்க்கால் கரையில் ஆயில் இன்ஜின் வைத்து இறைப்பவர்கள், பவர் டில்லர் வைத்திருப்பவர்கள் என்று பலரும் டீசல் விலையைப் பார்த்துவிட்டுப் பலகாரக் கடை எண்ணெய் பக்கம் திரும்புகிறார்கள். பழைய ஒற்றை சிலிண்டர் இன்ஜினை இப்படி ஓட்டலாம், நானும் ஓட்டுகிறேன். ஆனால் புதிதாக வருபவர்கள், ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பெட்ரோல் இன்ஜினில் ஊற்றக்கூடாது, வடிகட்டாமல் ஊற்றக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

குளிர்ந்த இன்ஜினில் எண்ணெயைத் திறப்பது

"டீசல் இன்ஜினே முதலில் கடலை எண்ணெயில்தானே ஓடியது" என்று சொல்லிக்கொண்டு நிறையப் பேர் வருகிறார்கள். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது உண்மை. ஆனால் அந்தக் காலத்து இன்ஜின்கள் அழுத்தக் காற்றை வைத்து எண்ணெயைப் பீய்ச்சின. நம் இன்ஜினில் அந்தக் காற்று கிடையாது. டீசல் பம்பு தள்ளும் எண்ணெய், சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலின் நுண்ணிய துளை வழியாகப் புகை மாதிரி சிதற வேண்டும். துளையின் அளவோ டீசலுக்காக வைத்தது. தாவர எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டி. சூடாக்காமல் அனுப்பினால் சிதறாமல் தாரையாக விழும், பாதிதான் எரியும், மீதி நாசில் முனையில் கரியாக ஒட்டும்.

அதனால் இரண்டு டேங்க் வேண்டும். டீசலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு எண்ணெய்க்கு மாற்றுங்கள். எண்ணெய்க் குழாயைச் சைலன்சர் சூடோ வெந்நீரோ படும்படி கொண்டுவந்து 70, 80 டிகிரிக்கு ஏற்றுங்கள். நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் மறுபடி டீசலுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பம்பிலும் நாசிலிலும் எண்ணெய் தங்கி, காலையில் ஹேண்டில் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை போய்விடும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. தண்ணீர் பம்பின் டெலிவரியிலிருந்து ஒரு ஹோஸ் இழுத்து இன்ஜினைக் குளிர்விக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வால்வை முழுசாகத் திறந்துவிட்டால் ஹெட்டிலிருந்து வெளியே வரும் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் போலவே ஜில்லென்று வரும். டீசலுக்கே அது நல்லதல்ல, எண்ணெய்க்குச் சுத்தமாக ஆகாது. வெளியேறும் தண்ணீரில் விரல் வைத்தால் உடனே எடுக்கத் தோன்ற வேண்டும். அந்த அளவுக்கு வால்வைக் குறையுங்கள்.

தண்ணீர்

வடை போட்ட எண்ணெயில் மாவுத் துகள் மட்டுமில்லை, தண்ணீரும் உப்பும் இருக்கும். துணியில் வடிகட்டினால் துகள் போகும், தண்ணீர் போகாது. அது டீசல் பம்புக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சரில் துருவாக வந்து நிற்கும். உயரமான டிரம்மில் ஊற்றி, வெயிலில் ஒன்றிரண்டு வாரம் அசைக்காமல் வையுங்கள். டிரம்மின் அடியிலிருந்து ஒரு சாண் மேலே குழாய் வைத்து எடுங்கள். காய்ந்த கரண்டியில் கொஞ்சம் எண்ணெய் எடுத்து அடுப்பில் காட்டுங்கள். சடசடவென்று பொரிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது.

சம்ப் ஆயிலைப் பார்க்காமல் விடுவது

சம்ப் என்பது இன்ஜினின் அடியில் இன்ஜின் ஆயில் நிற்கும் தொட்டி. அதைக் கவனிக்காமல் விடுவதைப் பற்றித்தான் நான் பக்கம் பக்கமாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றில்தான்.

எங்கள் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் வாழைக்கு இறைக்க ஐந்து குதிரைத்திறன் இன்ஜின் வைத்திருந்தார். எண்ணெய்க்கு மாறிய பிறகு ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்து, "அண்ணே, இன்ஜின் ஆயிலே குடிக்கலண்ணே. போட்ட லெவல் அப்படியே நிக்குது, கொஞ்சம் ஏறிக்கூட இருக்கு" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். பக்கத்தில் நின்ற மெக்கானிக்கும் "நல்ல இன்ஜின்" என்று தலையாட்டினார்.

இன்ஜின் ஆயில் தானாக எப்படி ஏறும்? குச்சியில் இருந்ததை விரலில் தொட்டுத் தேய்த்தேன். இன்ஜின் ஆயில் வழவழவென்று நழுவ வேண்டும். இது விரலைப் பிரித்தால் நூல் இழுத்தது. மோந்து பார்த்தால் பலகாரக் கடை வாசனை. சம்பில் இருந்ததில் ஒரு பங்கு அவர் டேங்கில் ஊற்றிய எண்ணெய்.

நடப்பது இதுதான். சுமை குறைவாக ஓடும்போது சிலிண்டருக்குள் போதிய சூடு இருக்காது. எரியாத எண்ணெய், சிலிண்டரின் உள்குழாயான லைனரின் சுவரில் படிகிறது. பிஸ்டன் ரிங் அதை வழித்துக் கீழே தள்ளுகிறது. டீசல் இப்படி இறங்கினால் சம்ப் சூட்டில் கொஞ்சமாவது ஆவியாகிப் போகும். தாவர எண்ணெய் ஆவியாகாது, அங்கேயே தங்கும். சூடும் காற்றும் இரும்பும் பட்டுப் பட்டு அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணையத் தொடங்கும். இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் மருந்துகள் தீரும்வரை வெளியே எதுவும் தெரியாது. தீர்ந்த பிறகு நேற்றுவரை ஓடிய ஆயில் இன்று களி மாதிரி நிற்கும். பல சிறிய இன்ஜின்களில் ஆயில் பம்பே கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் துடுப்பு சம்ப் ஆயிலை அடித்துத் தெளித்துத்தான் பேரிங் நனைகிறது. கெட்டியாகிவிட்டால் துடுப்பு அதில் ஒரு பள்ளம் வெட்டிக்கொண்டு சுற்றும், ஒரு சொட்டு மேலே வராது.

உடனே ஆயிலை மாற்றச் சொன்னேன். "இந்தத் தண்ணி மட்டும் கட்டிட்டு மாத்திடறேண்ணே" என்றார். அந்தத் தண்ணீர் கட்டி முடிவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ராடு வளைந்து, கிராங்க் கீறி, லைனரும் போயிற்று. டீசலில் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு பட்டறைக்குப் போனது. வாழை வாடியதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு கேன் ஆயில் செலவில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இது. "லெவல் குறையவில்லை, நல்லது" என்று சொல்லிக் கொடுப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

செய்ய வேண்டியது கஷ்டமானதே இல்லை. கையேட்டில் சொன்ன மணிக்கணக்கில் பாதியிலேயே ஆயிலை மாற்றுங்கள். தினமும் ஸ்டார்ட் செய்யும் முன் குச்சியைப் பாருங்கள். ஏறியிருந்தால் மணிக்கணக்கு பார்க்காமல் அன்றே வடித்துவிடுங்கள். புது ஆயிலில் ஒரு சொட்டும் சம்ப் ஆயிலில் ஒரு சொட்டும் காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் விடுங்கள். புதுசு பரவும், கெட்டது பரவாமல் நடுவிலேயே நிற்கும். அப்புறம், சுமையில்லாமல் எண்ணெயில் ஓட விடாதீர்கள். தண்ணீர் பம்பு தண்ணீர் இழுக்காமல் போய்விட்டால் உடனே டீசலுக்கு மாற்றுங்கள். பெரிய இன்ஜினில் சின்னப் பம்பு மாட்டியிருப்பவர்கள் எண்ணெய் பக்கம் வரவே வேண்டாம்.

எந்த எண்ணெய் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். சூரியகாந்தி, சோயா சீக்கிரம் பிணையும். பாமாயில், புங்க எண்ணெய் அவ்வளவு வேகமாகப் பிணையாது. பொரிக்கப் பொரிக்க எண்ணெய் சிதைந்து சேரும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. அப்படித் தீய்ந்த எண்ணெய் பாதி பிணைந்த நிலையில்தான் உங்களிடம் வரும். தார் மாதிரி கறுத்துக் கெட்டியாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

செம்பு, பித்தளைக் குழாய்

எண்ணெயைச் சீக்கிரம் பிசினாக்கும். போடாதீர்கள்.

புது வண்டி

காமன் ரெயில் இன்ஜின் (மிக அதிக அழுத்தத்தில் டீசல் பீய்ச்சும் புது வகை), பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த வண்டி எதிலும் ஒரு சொட்டுகூட வேண்டாம். பழைய வண்டி, டிராக்டர் என்றாலும் முதலில் டீசல் பம்பைப் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பிளஞ்சர் வரிசையாக இருக்கும் இன்லைன் பம்பு தாங்கும். ஒரே இடத்திலிருந்து எல்லாச் சிலிண்டருக்கும் சுழன்று பங்கிடும் ரோட்டரி பம்பு கெட்டி எண்ணெயில் உடைய வாய்ப்பு அதிகம்.

வீட்டில் பயோடீசல்

எண்ணெயை அப்படியே ஊற்றுவதைவிட பயோடீசலாக மாற்றுவது இன்ஜினுக்கு நல்லதுதான். லிட்டருக்குச் சுமார் 200 மில்லி மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் போதும் என்று வீடியோவில் காட்டுவார்கள். ஆனால் மெத்தனால் விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது அதுதான். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் அதை வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. 65 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும், ஆவி தீப்பிடிக்கும், பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. வீட்டு அடுப்பில், பிளாஸ்டிக் கேனில், குழந்தைகள் நடமாடும் கொட்டகையில் இதைச் செய்வதாக இருந்தால் என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

பயம் இருந்தால் சுத்தமான எண்ணெய் ஒரு பங்கு, டீசல் நான்கு பங்கு என்று கலந்து ஒரு போகம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் தினமும் குச்சியை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.