ஒயின் பழக ஆசையா? திராட்சைப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்

ஒயின் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் திராட்சை ரகங்களின் பட்டியலோடுதான் தொடங்குகிறார்கள். ஒயினுக்கு உதவும் ரகங்கள் ஆயிரத்துக்கும் மேல். அந்த வழியில் போனால் பெயர்கள் தெரியும், கிளாஸில் இருப்பது தெரியாது. முதலில் நாக்கு பழகட்டும், பெயர்கள் தானாக வந்து சேரும். எனக்குப் பலன் தந்த முறை இது.

படி 1: சாமான்கள்

ஒரே மாதிரியான இரண்டு கிளாஸ் போதும். அடி அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும், அப்போதுதான் மணம் உள்ளே நிற்கும். சிவப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று, பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் ரகத்துக்குத் தனியாக ஒன்று என்று வாங்கிக் குவிப்பது வீண் செலவு. கார்க் திறக்க, ஓட்டல் பரிமாறுகிறவர்கள் பையில் வைத்திருக்கும் மடக்குத் திருகிதான் என் தேர்வு. இரண்டு பக்கமும் கை விரிக்கும் பெரிய திருகி பழைய கார்க்கைத் துளைத்து நொறுக்கிவிடும். குறிப்பெழுத செயலி வேண்டாம், சின்ன நோட்டு போதும். செயலியைத் திறந்தால் மற்றவர்கள் போட்ட நட்சத்திரங்கள் முதலில் கண்ணில் படும், அப்புறம் நம் நாக்கு சொல்வது காதில் விழாது.

படி 2: மூக்கை மூடிக்கொண்டு குடியுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இதுதான். ஒயினில் கவனிக்க வேண்டியவை நான்கு: புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, கனம். புளிப்பு வாயில் எச்சில் ஊற வைக்கும். துவர்ப்பு ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் இழுத்துப் பிடிக்கும். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின்தான் அதற்குக் காரணம். சிவப்பு ஒயினைத் தோலோடு ஊற வைத்துப் புளிக்க விடுவதால் அதில் துவர்ப்பு அதிகம். கனத்தில் பெரும்பங்கு ஆல்கஹாலுக்கு.

குழப்பம் வருவது இனிப்பில்தான். பழ மணம் வீசினாலே “இது ஸ்வீட் ஒயின்” என்று சொல்லிவிடுகிறோம். பழ மணம் வேறு, சர்க்கரை வேறு. இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மூக்கை இரண்டு விரலால் இறுக்கி மூடிக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். சர்க்கரை இருந்தால் நாக்கில் அப்படியே தெரியும். பழம் மட்டும் காணாமல் போயிருக்கும். மூக்கைத் திறந்த கணத்தில் அது திரும்பி வரும்.

இதற்கு மிகப் பொருத்தமானது மஸ்கட் வகை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை இருக்கிறதே, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது, அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அந்த மணம் நமக்கு ஏற்கெனவே தெரியும். இப்போது மஸ்கட் வகையில் செய்த இரண்டு ஒயின்களை, இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்டியையும் பிரான்ஸின் அல்சாஸ் பகுதி மஸ்கட்டையும், பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் அதே குடும்பத்து மணம் வரும். முன்னது இனிப்பு, லேசாகக் குமிழ் விடும், ஆல்கஹால் ஐந்தரை சதவீதத்தை ஒட்டியிருக்கும். பின்னது பெரும்பாலும் சர்க்கரையே இல்லாமல் முடியும். மூக்கு இனிப்பு என்று சொல்ல, நாக்கு இல்லை என்று மறுக்கும். இதை ஒருமுறை உணர்ந்தவருக்கு ‘டிரை’, அதாவது இனிப்பில்லாத ஒயின், என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

படி 3: ஒரே திராட்சை, இரண்டு ஊர்

ஒரு பாட்டிலை மட்டும் குடித்தால் நன்றாக இருந்தது, இல்லை என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வராது. அதனால் எப்போதும் இரண்டாகவே ஊற்றுங்கள், ஆளுக்கு 50 மில்லி வீதம். நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் செலவும் குறையும்.

முதல் ஜோடிக்கு ஷார்டொனே என்ற வெள்ளை ஒயின் ரகம் நல்லது. பிரான்ஸின் ஷாப்ளி பகுதியில் செய்தது ஒன்று, கலிபோர்னியாவில் ஓக் மரப் பீப்பாயில் வைத்தது ஒன்று. குளிர்ப்பகுதியில் விளைவதால் ஷாப்ளி புளிப்பாக, எலுமிச்சை வாசத்தோடு வரும். வெயில் பட்டு நன்கு பழுத்த கலிபோர்னியா ஷார்டொனே கனமாக இருக்கும். அதன் வனிலா வாசம் பீப்பாயிலிருந்து வருவது. வெண்ணெய் வாசமும் வந்தால், மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாக்களின் வேலை அது. “எனக்கு ஷார்டொனே பிடிக்காது” என்பவர்களில் பலருக்குப் பிடிக்காதது ஓக்தான், திராட்சை அல்ல.

அடுத்து சிரா என்ற சிவப்பு ஒயின் ரகம். பிரான்ஸின் வடக்கு ரோன் பகுதியில் மிளகு வாசம் அடிக்கும் இதே ரகம், ஆஸ்திரேலியாவின் பரோசாவில் ஷிராஸ் என்ற பெயரில் ஜாம் போலக் கெட்டியாக வரும்.

படி 4: லேபிள்

ஐரோப்பாவில் பல லேபிள்களில் ஊர்ப்பெயர்தான் இருக்கும், திராட்சையின் பெயர் இருக்காது. சான்செர் வெள்ளை என்றால் சாவிஞான் பிளாங்க், பொஜொலே சிவப்பு என்றால் கமே, பரோலோ என்றால் நெபியோலோ. கியான்டியில் சாஞ்சியோவேசே, ரியோஹா சிவப்பில் டெம்ப்ரனியோ முதன்மை. இந்த ஐந்து இப்போதைக்குப் போதும்.

ரீஸ்லிங் என்ற ரகத்தில் செய்த ஜெர்மன் வெள்ளை ஒயின் வாங்கும்போது ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 8, 9 என்றால் சர்க்கரை மீதமிருக்கிறது. 12க்கு மேல் என்றால் பெரும்பாலும் டிரை.

பிற்சேர்க்கை: “எக்ஸ்ட்ரா டிரை என்று போட்ட ப்ரொசெக்கோ வாங்கினேன், இனிக்கிறதே” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ப்ரொசெக்கோ இத்தாலியின் குமிழ் ஒயின், குமிழ் ஒயின்களுக்குக் கணக்கு வேறு. ‘ப்ரூட்’ என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை, ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்றால் 12 முதல் 17 கிராம், ‘செக்’ என்றால் 17 முதல் 32 கிராம். இனிப்பு வேண்டாம் என்றால் ப்ரூட் கேளுங்கள்.

மீதியான ஒயினை என்ன செய்வது என்றும் கேட்டார்கள். குமிழ் இல்லாத ஒயின் என்றால் கார்க்கை இறுக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள், சிவப்பையும்தான். மூன்று நாள் தாராளமாகத் தாங்கும். சிவப்பைக் குடிப்பதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள். சில்லென்று இருந்தால் துவர்ப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும்.