பர்கண்டித் திராட்சைச் சரிவுகளில் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சென்ற மே மாதம் பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள மெர்சோ ஊரின் சதுக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் மூன்று இளைஞர்கள் அன்றைய பாதையைக் கைபேசித் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூவருடையதும் மெல்லிய டயர் பூட்டிய பந்தய சைக்கிள்கள். திரையில் தெரிந்த நீலக் கோடோ தார்ச்சாலையை விட்டு விலகித் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே குன்றின்மேல் ஏறியது. எழுந்து போய் அந்தக் கோட்டை நம்ப வேண்டாம் என்றேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அதே கோட்டில் போனார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் போயிருப்பேன்.

பாரிஸிலிருந்து ரயிலேறி ஆண்டுக்கு இரண்டு முறையாவது நான் வந்து ஓட்டும் இடம் இது. டிஜோனிலிருந்து தெற்கே போன் நகரைக் கடந்து சாந்தனே வரை நீளும் இந்தச் சுண்ணாம்புக்கல் சரிவின் திராட்சைத் துண்டுநிலங்களை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. (போன் என்பது இங்கே ஊர்ப்பெயர், குழப்பம் வராமலிருக்க மற்றதைக் கைபேசி என்றே எழுதுகிறேன்.) ஹெல்மெட், காற்றடிக்கும் பம்ப், மாற்று ட்யூப் ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை, அவை இல்லாமல் கிளம்புகிறவருக்கு இந்தக் கட்டுரை உதவாது.

கைபேசி வரைந்த கோட்டை நம்புதல்

டிஜோனையும் போனையும் இணைக்கும் டி 974 நெடுஞ்சாலையில் லாரிகள் அதிகம் என்பதால், அதைத் தவிர்க்க விரும்புவது நியாயமே. வடபாதியில் அதற்கு நல்ல மாற்று உண்டு: ஜெவ்ரே-ஷாம்பெர்தான், மோரே, ஷாம்போல் ஆகிய ஊர்களின் வழியே சரிவின் இடுப்பில் வளைந்து செல்லும் டி 122. போனுக்குத் தெற்கே பொம்மார், வொல்னே, மெர்சோ, புலினி-மோன்ராஷே வழியாகச் சாந்தனே வரை ஏறத்தாழ 22 கிலோமீட்டருக்குத் தோட்டங்களுக்குள்ளேயே சைக்கிளுக்கென அடையாளமிட்ட பாதை இருக்கிறது. இவை இரண்டுக்கும் நடுவிலுள்ள பகுதிக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் எனக்கு வழி தெரியாததால், பாதை போடும் வேலையைச் செயலியிடம் ஒப்படைத்தேன்.

அது என்னைக் கோர்தோன் குன்றின்மேல் ஏற்றியது. உச்சியில் காடும் சரிவெங்கும் கொடிகளுமாக நிற்கும் அந்தக் குன்றில் முதல் ஒரு கிலோமீட்டர் கான்கிரீட் தளமாக இருந்ததால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. பிறகு கான்கிரீட் முடிந்து, டிராக்டர் சக்கரங்கள் பதித்த இரண்டு தடங்களும் அவற்றுக்கு நடுவே புல்லும் தொடங்கின; தடங்களில் கிடந்தது மண்ணன்று, விரல் நீளத்துக்கு உடைந்து கிடந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல் சில்லுகள். திரும்பியிருக்க வேண்டும். இன்னும் எண்ணூறு மீட்டரில் பெர்னான்-வெர்ஜெலஸ் ஊர் வந்துவிடும் என்று திரை சொன்னதால் இறங்கினேன். பெர்னானின் கூரைகள் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், 25 மில்லிமீட்டர் பின்டயரின் பக்கச்சுவர் கிழிந்தது. இதே வட்டாரத்தின் கொம்ப்ளான்ஷியன் சுண்ணாம்புக்கல் பாரிஸ் கார்னியே ஓபெரா மாளிகையை அலங்கரிக்கிறது. அதன் பங்காளி என் டயரைப் பதம் பார்த்துவிட்டது.

ட்யூப் பஞ்சரானால் மாற்றிக்கொள்ளலாம்; டயரே ஒன்றரை அங்குலம் பிளந்துவிட்டால் புது ட்யூப் அந்தப் பிளவு வழியே கொப்புளம்போலப் பிதுங்கி வெளியே வரும். ஐந்து யூரோ நோட்டு ஒன்றை நான்காக மடித்து, பிளவுக்கு உட்புறம் வைத்து, பாதிக் காற்று மட்டும் அடித்தேன். பருத்தித் தாளில் அச்சிட்ட நோட்டு என்பதால் சாதாரணக் காகிதத்தைவிட நன்றாகத் தாங்கும். மூன்று கிலோமீட்டர் தாங்கியது. சவீனி ஊருக்கு அருகே வெடித்தபின், காலணிக்கு அடியில் பெடலோடு மாட்டுவதற்கென உள்ள பிளாஸ்டிக் கட்டைகள் தேயத் தேய, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன் நகர் வரை நடந்தேன்.

அன்று ஞாயிறு. திங்கட்கிழமையும் சைக்கிள் கடை அடைப்பு என்பது கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தபோதுதான் தெரிந்தது. பிரான்சின் சிற்றூர்களில் ஞாயிறும் திங்களும் சேர்ந்தாற்போல் மூடும் கடைகள் ஏராளம். இரண்டு இரவு விடுதி வாடகை, வீணான ரயில் டிக்கெட், புது டயர், புதுக் கட்டைகள் எல்லாம் சேர்ந்து முந்நூறு யூரோவுக்கு மேல் போனதோடு, ஒரு நாள் விடுப்புக்கும் மேலாளரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நான் தவிர்த்தது டி 974இல் ஒரு கால்மணி நேர ஓட்டத்தை. இப்போதும் அந்தக் குன்றைக் கடக்கும்போது எரிச்சல் வருகிறது, கல்லின்மீதன்று, என்மீது.

செயலிக்கு இரு புள்ளிகளுக்கு இடையிலுள்ள வழி தெரியும். அந்த வழியின் தரை தெரியாது. பலர் சென்ற தடம் என்று அது காட்டுவதில் தடித்த டயர்காரர்கள் போன தடங்களும் கலந்திருக்கும். ஆகவே முதல் நாள் இரவே அரைமணி நேரம் ஒதுக்கி, கோட்டை முழுவதும் செயற்கைக்கோள் படத்தில் வைத்துப் பாருங்கள். சாலைக்கு டி என்று தொடங்கும் எண் இருந்தால் நம்பிப் போகலாம். எண் இல்லாமல் 'ஷ்மேன்' (பாதை) என்று தொடங்கும் பெயர் மட்டும் இருந்தால் சிலவற்றில் தார் இருக்கும், சிலவற்றில் இருக்காது. சாலையோரப் படம் கிடைக்கவில்லை என்றால் இருக்காது என்றே கொள்ளுங்கள். காகிதத்தில் வரும் மிஷ்லான் வரைபடத்தின் மஞ்சள், வெள்ளைச் சாலைகளைக் கொண்டு திட்டமிடுவது பழைய முறைதான் என்றாலும், எனக்கு அதில் இன்றுவரை டயர் கிழிந்ததில்லை. மழைக்குப் பிறகு இந்தத் தடங்களை நினைக்கவே வேண்டாம்: களிச்சுண்ணாம்பு மண் மாவுபோல் ஒட்டி, சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். வாடகைக்கு எடுப்பவர்கள் 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயரைக் கேட்டு வாங்குங்கள்.

பசிக்கும்போது சாப்பிடலாம் என்று நினைத்தல்

இந்த ஊர்களில் உங்கள் வயிற்றைவிடச் சமையலறைக் கடிகாரத்துக்கே மதிப்பு அதிகம். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும் மதிய உணவு ஒன்றரை மணிக்கெல்லாம் முடிந்துவிடும். இரண்டு மணிக்குப் போய் நின்றால் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டே வருத்தம் தெரிவிப்பார்கள். ரொட்டிக் கடையும் மதியத்தில் மூடும். பன்னிரண்டரைக்கு எந்த ஊரில் இருப்பீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, காலை ஓட்டத்தின் நீளத்தை அதற்கேற்ப வெட்டுங்கள். என் முதுகுப் பையில் பாரிஸ் லா ஷாப்பேல் கடைவீதியில் வாங்கிய கடலைமிட்டாய் எப்போதும் இருக்கும். வெயிலில் உருகாத அதைக் கண்டு பிரெஞ்சு நண்பர்கள் பொறாமைப்படுவதுண்டு.

தண்ணீர்

கல்லறைத் தோட்டங்களில் குழாய் இருக்கும். 'நோன் போத்தாப்ல்' என்று பலகை இருந்தால் அது குடிநீரன்று.

வலப்பக்கச் சந்துகளை மறத்தல்

அடையாளப் பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது பிரெஞ்சுச் சட்டம். தோட்டங்களின் மதிற்சுவர்களுக்கு நடுவே கிளைக்கும் குறுகிய சந்துகளில் எதிரே எதுவும் தெரியாது. ஆனால் உள்ளிருந்து வரும் உள்ளூர்க்காரர் தன் உரிமையை அறிந்தவராதலால் வேகம் குறைக்காமல் வருவார். மஞ்சள் சாய்சதுரப் பலகை உள்ள சாலையில் முன்னுரிமை உங்களுடையது.

காதில் இயர்போன்

அபராதம் 135 யூரோ.

சுவைத்ததை விழுங்குதல்

இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு சைக்கிள்காரருக்கும் பொருந்தும். திராட்சை மதுவைச் சுவைக்கத் தரும் நிலவறைகளில் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருக்கிறார்கள்; அதைப் பயன்படுத்துவதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை, துப்பத் தெரிந்தவரைத்தான் தேர்ந்தவராக மதிக்கிறார்கள். வெயிலில் நாற்பது கிலோமீட்டர் மிதித்து வந்தவருக்கு இரண்டாவது கிண்ணமே தலைக்கேறும் என்பதைச் சட்டத்துக்கும் முன்பே உங்கள் கால்கள் சொல்லிவிடும்.

ஒரே நாளில் மூன்று நினைவுச்சின்னங்கள்

பர்கண்டிக் கோமகனின் அமைச்சர் நிக்கோலா ரோலான் 1443இல் நிறுவிய போன் மருத்துவமனையின் வண்ண ஓட்டுக் கூரையை முற்றத்தில் நின்று பார்ப்பதற்கே கால்மணி நேரம் வேண்டும். உள்ளே ரோகியர் வான் டெர் வெய்டனின் இறுதித் தீர்ப்பு ஓவியம் இருக்கிறது. சிஸ்டெர்சியன் சபையின் கிறித்தவத் துறவிகள் மதில் எழுப்பி வளர்த்த ஏறத்தாழ 50 ஹெக்டேர் க்ளோ த வூஜோ தோட்டத்தையும் அதே நாளில் சேர்த்தால், இரண்டையும் ஓட்டமாகத்தான் பார்ப்பீர்கள். க்ளூனி மடத்துக்குத் தனி நாள் ஒதுக்குங்கள்: 910இல் தொடங்கிய அந்த மடத்தின் பெருங்கோயிலில் எஞ்சியது சொற்பம், ஆனால் பழைய ரயில் தடத்தின்மேல் ஜிவ்ரியிலிருந்து அங்கே செல்லும் 44 கிலோமீட்டர் பாதையில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அங்கே பந்தய வேகம் வேண்டாம், குழந்தைகள் ஓட்டுகிறார்கள். பையில் மெல்லிய செருப்பு ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கட்டைகளோடு பழைய கல்தளத்தில் நடப்பவர் ஓவியத்தைப் பார்க்க முடியாது, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அறுவடைக் காலத்தில் வருதல்

வரலாம். ஆனால் ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் முழுவதும் இந்தச் சிறு சாலைகள் தொழிலாளர் வேன்களுக்கும், கொடி வரிசைக்கு மேலே கால் பரப்பி நிற்கும் உயரமான டிராக்டர்களுக்கும் உரியவை. வளைவுகளில் நசுங்கிய பழமும் ஈரமண்ணும் கலந்து கிடக்கும் இடத்தில், வொல்னேவுக்குக் கீழே, நான் ஒரு முறை விழுந்திருக்கிறேன். கால்சட்டையில் படிந்த ஊதாக் கறை இன்னும் போகவில்லை.