வாயில் வெள்ளை படிந்ததும் கராம்பு எண்ணெயைத் தேடாதீர்கள்

லயத்தில் யாருக்காவது நாக்கில் வெள்ளை படிந்தால் போதும், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கைவைத்தியம் வந்துவிடும். கராம்பு, கறுவா, உள்ளி, மஞ்சள். இவை வெறும் நம்பிக்கை இல்லை. கராம்பில் இருக்கும் யூஜெனாலும் கறுவாவின் சின்னமால்டிஹைடும் உள்ளியின் அல்லிசினும், வாயில் இப்படி வெள்ளை படியவைக்கும் கேண்டிடா என்ற பங்கசை ஆய்வுகூடத்தில் அடக்குவது உண்மைதான். ஆனால் ஆய்வுகூடத் தட்டில் சாறு மணிக்கணக்காகப் பங்கசோடு கிடக்கும். வாயில் அப்படி நிற்காது, எச்சில் கழுவிக்கொண்டு போய்விடும்.

அப்போ கூடுதலாகப் போட்டால் கேட்கும் என்று கராம்பு எண்ணெயை அப்படியே தொட்டு வைக்கிறார்கள். வேண்டாம். கலக்காத எண்ணெய் வாயின் உள்தோலைச் சுட்டுவிடும். நசுக்கிய பச்சை உள்ளியும் அப்படித்தான். கைக்குழந்தைக்குக் கராம்பு எண்ணெய் கொஞ்சம் உள்ளே போனாலே ஆபத்து. ஒரு வயதுக்குள் நாக்கில் தேன் தடவுவதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம்.

எனக்குப் பெரிய கவலை வெற்றிலைதான். வெற்றிலைச் சாறு பங்கசைக் கொல்லும் என்று எங்கேயோ கேட்டுவிட்டு, கொழுந்து மலையில் போடுகிற வெற்றிலையே மருந்து என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாயில் வெற்றிலை மட்டுமா இருக்கிறது? பாக்கு, சுண்ணாம்பு, பல பேருக்குப் புகையிலையும். புகையிலை சேராத பாக்கு கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

இதில் இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. வெள்ளையெல்லாம் பங்கசு இல்லை. சுத்தமான துணியை விரலில் சுற்றி மெல்லத் துடைத்துப் பாருங்கள். பங்கசுப் படலம் பெரும்பாலும் உரிந்து வரும், அடியில் சிவந்திருக்கும். துடைத்தும் வராத வெள்ளை, மிளகாய் பட்டாலே எரிச்சல், கன்னம் இறுகி வாய் முழுசாகத் திறக்காமை – வெற்றிலை போடுகிறவருக்கு இதில் ஒன்று இருந்தாலும் மஞ்சள் பூசி நாள் கடத்தக்கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். துடைத்தால் வராத பங்கசும் உண்டு, அதைப் பிரித்துச் சொல்ல அவரால்தான் முடியும்.

பங்கசேதான் என்றால், அது ஏன் வந்தது என்று பாருங்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு பம்ப் அடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் படுப்பது, பொய்ப்பல்லை இரவிலும் கழற்றாதது, கட்டுக்குள் வராத சீனி வருத்தம். இதைச் சரிசெய்யாமல் எந்தச் சாறு பூசினாலும் திரும்ப வரும். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது நல்லது, அதில் கெடுதல் இல்லை.

டிஸ்பென்சரியில் நிஸ்டாட்டின் சொட்டு மருந்து தந்தால், வெள்ளை மறைந்ததும் போத்தலை மூடி வைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகும் இரண்டு நாள் தொடர்ந்து சொட்டு விட வேண்டும். பால் குடிக்கும் பிள்ளை என்றால் தாயின் மார்புக் காம்பையும் காட்டுங்கள். அங்கேயும் தொற்று இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும்.