துறைமுக எஃகுச் சுவரில் நுண்ணுயிர் அரிப்பைக் கண்டறியும் முறை
துறைமுக எஃகுச் சுவரில், கடல்நீர் வற்றும் தாழ்மட்டத்தை ஒட்டி ஆரஞ்சு நிறத் திட்டுகள் தென்பட்டால், சாதாரணத் துருதானே என்று விட்டுவிடாதீர்கள். நீர் இறங்கிய நேரத்தில் திட்டை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே மை போன்ற கரிய சேறும், அதனடியில் குழிவிழுந்து பளபளக்கும் உலோகமும் இருந்தால், சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் பாக்டீரியாக்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சேற்றில் ஒரு துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் எழும் அழுகிய முட்டை நாற்றம் சல்பைடைக் காட்டிக்கொடுக்கும். அந்த வாயு நச்சு என்பதால், திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். ஆக்சிஜனற்ற அடிப்படலத்தில் உருவாகும் சல்பைடை, ஆக்சிஜன் எட்டும் மேற்படலத்து பாக்டீரியாக்கள் அமிலமாக்குவதால், ஆண்டுக்கு 0.5 மில்லிமீட்டருக்கு மேலும் எஃகு கரையக்கூடும். ஆகவே, மீயொலிக் கருவியால் தடிமனை அளந்த பிறகே, எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு (எஃகுக்குச் சிறு மின்னோட்டம் செலுத்தி அரிப்பைத் தடுக்கும் முறை) போதுமா, தகடு பற்றவைக்க வேண்டுமா என்று முடிவெடுங்கள்.